மாட்டு உண்ணியும் காய்ச்சலும்

கேள்வி: மாட்டு உண்ணியைக் கையால் பிடுங்கி நசுக்குகிறோம். குரங்குக் காய்ச்சல் வருமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறிந்த நோய் அது. பரப்புவது மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டு உண்ணி. டெல்டா வயல்வெளியில் அந்தப் பயம் குறைவு. ஆனால் நசுக்குவதை இன்றே விடுங்கள். 2011இல் குஜராத்தில் தென்பட்ட கிரிமியன்-காங்கோ காய்ச்சல், நசுங்கும் உண்ணியிலிருந்தும் மாட்டு ரத்தத்திலிருந்தும் தொற்றும். மாட்டைப் பார்த்தால் நோய் தெரியவே தெரியாது. கையுறை போடுங்கள்.

உங்கள் உடம்பில் கடித்திருந்தால், கூர்நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம். உண்ணி எச்சிலைக் கடிவாயில் கக்கிவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் கடிபட்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நம் பக்கம் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஸ்க்ரப் டைஃபஸ். அது வைரஸ் நோய் அல்ல; புதர்களில் இருக்கும் மிகச் சிறிய சிற்றுண்ணி கடித்துப் பரவும் பாக்டீரியா காய்ச்சல். அக்குளிலோ இடுப்பிலோ கறுத்த பொருக்கு இருக்கிறதா பாருங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்துக்குக் கட்டுப்படும்.