சுவரில் மர பீடிங் பொருத்துவது: கேள்விகளும் பதில்களும்

சுவர் அழகுக்குப் பொருத்தும் மெல்லிய மரப் பட்டையை மர மோல்டிங், பீடிங், சட்டம் என்று நீங்கள் எப்படிச் சொன்னாலும் சரி, அதை வீட்டுச் சுவரில் சொந்தமாகப் பொருத்த நினைப்பவர்கள் கேளுங்கள். எப்படிப் பொருத்துவது என்பது பெரும்பாலும் சுவரைப் பொறுத்த விஷயம், அதனால் செங்கல்லா, ஜிப்சம் போர்டா, மேலே என்ன அடித்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆணியே இல்லாமல் பசை மட்டும் வைத்தால் நிற்குமா அண்ணா? செங்கல் சுவர், பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தது. பீடிங் ஒன்றரை அங்குல அகலம்.

அந்த அகலத்துக்கு நிற்கும். ஆனால் பசை பிடித்துக்கொள்வது பெயிண்டை, பெயிண்ட் பிடித்திருப்பது பட்டியை, பட்டி பிடித்திருப்பது பூச்சை. இதில் எது பலவீனமோ அங்கே உரிந்து வரும். ஒட்டும் இடத்தில் டேப்பை நன்றாக அழுத்தி ஒட்டி, சடாரென்று இழுத்துப் பாருங்கள். பெயிண்டும் சேர்ந்து வந்தாலோ, விரலால் தேய்க்கும்போது வெள்ளையாகப் பொடி ஒட்டினாலோ, பசையை மட்டும் நம்ப வேண்டாம். பென்சில் கோடு போட்டு, பீடிங் மறைக்கப்போகும் இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டி, தூசியைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

பசை என்றால் துப்பாக்கியில் வைத்துப் பிதுக்கும் கட்டுமானப் பசை. மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசை தண்ணீர் வற்றித்தான் இறுகும், மரத்தோடு மரம் சேர்க்க அருமையானது, பெயிண்ட் அடித்த சுவருக்கு ஆகாது. ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வளைத்து வளைத்துப் பிதுக்கினால் வெளியே வழியாது. அழுத்தி ஒட்டியதும் குறுக்கே காகித டேப் போட்டு, மறுநாள் வரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆணி அடித்தால் பூச்சு பெயர்ந்து வருகிறதே? எங்கள் பீடிங் கொஞ்சம் கனம், முக்கால் அங்குலம் தடிமன்.

இறுகிய சிமெண்ட் பூச்சில் சாதா ஆணி ஒன்று வளையும், இல்லை பூச்சை உடைக்கும். அந்தத் தடிமனுக்கு ஸ்க்ரூதான். முதலில் மரத்தில் துளை போடுங்கள், அதைச் சுவரில் சரியான இடத்தில் பிடித்துக்கொண்டு துளை வழியாகவே சுவரில் குறி வையுங்கள், பிறகு 6 மி.மீ. பிட்டால் துளைத்து பிளக் (ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் குழல்) இறக்குங்கள். பலர் கோட்டை விடுவது ஆழத்தில். பூச்சே 12 முதல் 15 மி.மீ. வரை இருக்கும், பிளக் அதைத் தாண்டிச் செங்கல்லுக்குள் உட்கார வேண்டும், பூச்சில் மட்டும் நின்றால் இறுக்கும்போது சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் மரத்தின் தடிமன், பூச்சின் தடிமன், அதோடு ஒரு 25 மி.மீ. சேர்த்து ஸ்க்ரூ நீளத்தைக் கணக்கிடுங்கள், உங்களுக்கு 60 மி.மீ. சரியாக வரும். 40, 50 சென்டிமீட்டருக்கு ஒன்று போதும். ஸ்க்ரூ தலை மரத்துக்குள் சற்றே புதைய வேண்டும், மேலே பட்டி வைத்து மூடிவிடலாம்.

பீடிங் 10 மி.மீ.க்கும் மெல்லியதாக இருந்தால் ஸ்க்ரூ வேண்டாம், பசையும் சில மெல்லிய எஃகு ஆணிகளும் போதும். ஆணியைவிடச் சற்றுச் சிறிய துளையை மரத்தில் முதலில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஓரம் பிளந்துவிடும்.

கேள்வி: ஜிப்சம் போர்டு சுவருக்கும் இதேதானா?

இல்லை. போர்டுக்குப் பின்னால் சட்டங்கள் இருக்கும், பெரும்பாலும் 40 அல்லது 60 சென்டிமீட்டர் இடைவெளியில். ஒரு காந்தத்தைச் சுவரில் நகர்த்திக்கொண்டே போனால் போர்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தலைகளில் ஒட்டும், அந்த வரிசைதான் சட்டம். மரச் சட்டமென்றால் அங்கே ஆணி, தகரச் சட்டமென்றால் ஸ்க்ரூ, நடுவில் பசை.

கேள்வி: கச்சிதமாக 45 டிகிரியில்தான் வெட்டினேன், இருந்தும் மூலையில் இடைவெளி விழுகிறது. ரம்பம் சரியில்லையா?

ரம்பத்தைத் திட்டாதீர்கள், மூலை 90 டிகிரியாக இருக்காது. பூச்சு வேலையில் மூலைகளில் கூடுதலாகப் பூசி இழுத்துவிடுவதால் 91, 92 என்று வருவது சகஜம். 92 என்றால் பாதி 46, மரத்தின் நுனி அந்தக் கோணத்தில் வர வேண்டும்; நேர் வெட்டை 0 என்று காட்டும் ரம்பத்தில் 90-இல் 46 போக 44 வைத்து வெட்டுங்கள். கோணம் அளக்கும் கருவி இல்லையா? மூலைக்கு அடியில் தரையில் ஒரு காகிதம் போடுங்கள். நேரான ரீப்பர் துண்டு ஒன்றை முதல் சுவரோடு ஒட்டி வைத்து அதன் வெளி ஓரத்தைக் கோடாக இழுங்கள், அடுத்த சுவரிலும் அப்படியே. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியிலிருந்து மூலைக்கு ஒரு கோடு போட்டால் அதுதான் வெட்ட வேண்டிய கோணம்.

உள்மூலைக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது, தச்சர்கள் அதைத்தான் செய்வார்கள். ஒரு துண்டை நேராக வெட்டி மூலை வரை முட்ட விடுங்கள். இன்னொன்றை முதலில் 45-இல் வெட்டுங்கள், முகப்பின் நெளிவு அந்த வெட்டின் ஓரத்தில் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டோடு, மெல்லிய அலகுள்ள சிறு ரம்பத்தால், பின்பக்கம் சற்றுச் சாய்வாக அறுத்தெடுங்கள். இது முதல் துண்டின் முகத்தில் அப்படியே போய் உட்காரும், மூலை 90 ஆக இல்லாவிட்டாலும் பெரிதாகத் தெரியாது, பின்னாளில் மரம் சுருங்கினாலும் வாய் பிளப்பது குறைவு. முதலில் கை வராது, வீண் துண்டுகளில் பழகிவிட்டு நல்ல மரத்தைத் தொடுங்கள்.

வெளிமூலைக்கு இது பயன்படாது, அங்கே கோண வெட்டுதான். ரம்பத்தில் வைக்க வேண்டிய அளவைவிட அரை டிகிரி கூட்டி வெட்டினால் முன்பக்க நுனிகள் முதலில் சேர்ந்துவிடும், இடைவெளி சுவர்ப்பக்கம் ஒளிந்துகொள்ளும். இரண்டு வெட்டு முகத்திலும் வெள்ளைப் பசை தடவிச் சேருங்கள். நீளத்தில் ஒன்றோடொன்று சேர்க்கும் இடத்திலும் நேர் வெட்டு வேண்டாம், சாய்வாக ஒன்றின் மேல் ஒன்று படும்படி வெட்டுங்கள்.

கேள்வி: சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாகப் போட ஆசை. அளவை எப்படிப் பிரிப்பது?

நான்கு கட்டம் என்றால் ஐந்து இடைவெளி, அதை மறக்காவிட்டால் மீதி எளிது. சுவர் 360 செ.மீ., இடைவெளி 10 என்று வைத்தால் ஐந்துக்கு 50 போகும், மீதி 310-ஐ நான்கால் வகுத்தால் ஒரு கட்டம் 77.5. ஆனால் மரத்தைத் தொடுவதற்கு முன் அந்த அளவில் சுவரில் காகித டேப் ஒட்டி இரண்டு நாள் பாருங்கள். ஸ்விட்ச்போர்டு ஓரம் கட்டத்தில் இடிப்பது, சோபா பாதியை மறைப்பது எல்லாம் அப்போதுதான் தெரியும். போர்டு ஒன்று கட்டத்துக்கு முழுக்க உள்ளே வரட்டும், இல்லை முழுக்க வெளியே இருக்கட்டும். கட்டங்களைத் தரையிலேயே சேர்த்துவிட்டு, குறுக்கு மூலைகள் இரண்டையும் அளந்து பாருங்கள், இரண்டும் சமமாக இருந்தால்தான் செவ்வகம்.

கேள்வி: ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் போட்டேன் சார், கூரையோடு பார்த்தால் கோணலாகத் தெரிகிறது.

கூரை கோணல், நீங்கள் இல்லை. கூரைக்கு அருகே போகும் பட்டைக்கு ரசமட்டத்தை ஒதுக்கிவிட்டு, கூரையிலிருந்தே ஒரே தூரத்தில் குறி வைத்து நூல் அடியுங்கள், கண் அதைத்தான் ஒப்பிடும். இடுப்பு உயரத்தில் போகும் பட்டைக்கு ரசமட்டமேதான். தரையோர ஸ்கர்ட்டிங் தரையோடு போகட்டும்.

கேள்வி: சுவருக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை சிலிக்கானால் அடைக்கலாமா?

வேண்டாம், சாதா சிலிக்கான் மேல் பெயிண்ட் பிடிக்காது. பெயிண்ட் அடிக்கலாம் என்று குறிப்பிட்ட அக்ரிலிக் சீலன்ட் வாங்குங்கள். ஆணிக் குழிகளுக்கு மரப் பட்டி. மரத்தை இரண்டு மூன்று நாள் அந்த அறையிலேயே கிடக்க விட்டு, பின்பக்கமும் சேர்த்து பிரைமர் அடித்த பிறகு பொருத்தினால், பிறகு வளைவதும் சந்து விடுவதும் குறையும். எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் வெட்டிய ஓரங்கள் பிரைமரைக் குடித்துக்கொண்டே இருக்கும், உப்புத்தாள் தேய்த்து இன்னொரு கோட் அடியுங்கள், வெட்டும்போது முகமூடி கட்டாயம்.

கேள்வி: கீழ்ச்சுவரில் லேசாக ஓதம் இருக்கிறது, மேலே பீடிங் போட்டு மறைத்துவிடலாமே?

கூடாது. மரம் அதை உறிஞ்சும், கரையானுக்கும் வழி. சந்தேகமிருந்தால் ஒரு பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பாருங்கள், சுவர்ப்பக்கம் வியர்த்திருந்தால் முதலில் ஓதத்தைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: உள்ளே வயர் போகும் இடத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்விட்ச்போர்டுக்கு நேர் மேலும் கீழும், பக்கவாட்டிலும் துளைக்காதீர்கள், வயர் பெரும்பாலும் அந்த வழியில்தான் ஓடும். வயர் கண்டறியும் கருவியை நகர்த்திப் பார்த்துவிட்டு, மெயினை அணைத்துவிட்டே துளையிடுங்கள்.

கேள்வி: பழைய பீடிங்கைச் சுவர் கெடாமல் எடுக்க முடியுமா?

முதலில் மேல் கீழ் இரண்டு ஓரத்திலும் கத்தியால் பெயிண்டைக் கீறிவிடுங்கள், இல்லையென்றால் பெயிண்ட் பட்டையாக உரியும். பிறகு பட்டித் தகட்டை நுழைத்து, சுவர்ப்பக்கம் ஒரு பலகைத் துண்டை அணை கொடுத்து, ஆணி இருக்கும் இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். பசை போட்டு ஒட்டியது என்றால் பட்டி கொஞ்சம் பெயரத்தான் செய்யும், திரும்பப் பட்டி பார்க்க ஒரு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.