டிராகன் பிளட் பொடி வாங்கலாமா?

கேள்வி: பெருவுக்குப் போய்வந்த தோழி ‘சாங்ரே தே கிராதோ’ என்று ஒரு குப்பி கொடுத்தாள். வெட்டுக்காயத்துக்கும் வயிற்றுப்புண்ணுக்கும் கைகண்ட மருந்தாம். தீர்ந்துபோனால் ஆன்லைனில் ‘டிராகன் பிளட்’ பொடி வாங்கிக்கொள்ளலாமா?
- வாசகி, கோவை

பதில்: வேண்டாம். இரண்டுக்கும் டிராகன் ரத்தம் என்ற பெயர் உண்டு, ஆனால் பொருள் வேறு. ஆன்லைனில் வருவது பெரும்பாலும் தென்கிழக்கு ஆசியாவின் ஒருவகைப் பிரம்புக் காயிலிருந்து எடுக்கும் பிசின். புகை போடவும் வார்னிஷுக்கு நிறமேற்றவும் பயன்படுவது.

உங்கள் குப்பியில் இருப்பது பெரு, ஈக்குவடார், கொலம்பியா பக்க அமேசான் காடுகளில் வளரும் குரோட்டன் லெக்லெரி மரத்தின் பால். பட்டையைக் கீறினால் ரத்தம் போலவே வடியும். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். சிவப்பு மங்கி, வெளிறிய நுரைக்குழம்பாகும். காய்ந்தால் தோல்மேல் மெல்லிய ஏடு படியும். நம் ஊரில் பிள்ளைகள் காட்டாமணக்குப் பாலில் குமிழி ஊதுவார்களே, அதே குடும்பத்து மரம்தான் இதுவும். அந்த ஊர் மக்கள் வெட்டுக்காயம், பூச்சிக்கடி, ஈறுப்புண்ணுக்குத் தடவுவார்கள். வயிற்றுப்போக்குக்குச் சில சொட்டுகளைத் தண்ணீரில் கலந்து குடிப்பார்கள்.

வயிற்றுப்போக்குக்கு இதைக் குடிப்பது வெறும் நம்பிக்கை அல்ல. இந்தப் பாலிலிருந்து பிரித்தெடுத்த குரோஃபெலெமர் என்ற மருந்துக்கு 2012 கடைசியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. எச்ஐவி சிகிச்சையில் இருப்பவர்களுக்கு, கிருமித்தொற்று இல்லாமல் வரும் வயிற்றுப்போக்குக்கு மட்டும். குடலுக்குள் குளோரைடும் அதோடு தண்ணீரும் கசிவதை அது தடுக்கிறது. ஆனால் அது 125 மில்லிகிராம் என்று அளந்த மாத்திரை. குப்பியில் அப்படி அளவு ஏது? உங்கள் வயிற்றுப்புண்ணுக்கு இதை நம்பி இருந்துவிடாதீர்கள். அல்சருக்குப் பல நேரம் ஹெலிகோபாக்டர் என்ற கிருமிதான் காரணம், அதற்கு ஆன்டிபயாட்டிக் தேவை. டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன்: ‘குரோட்டன்’ என்று தேடி, கிடைத்த எண்ணெயை வாங்கிவிடாதீர்கள். குரோட்டன் எண்ணெய் என்பது நேர்வாளக் கொட்டையின் எண்ணெய். அதுவும் குரோட்டன் இனம்தான், ஆனால் கடும்பேதி. உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து, தோலில் பட்டாலும் கொப்புளிக்கும்.

சரி, இருக்கிற குப்பியை என்ன செய்வது? சின்னக் கீறலுக்குத் தடவலாம், அதுவும் முதலில் முழங்கைப் பக்கம் ஒரு சொட்டு வைத்துப் பார்த்த பிறகு. ஆழமான காயத்தில் வேண்டாம். திறக்கும்போது பழைய துணி ஒன்றைக் கீழே விரித்துக்கொள்ளுங்கள். புடவையில் பட்டால் கறை லேசில் போகாது.