சின்னக் கடைக்கு எந்த அக்கவுண்டிங் சாஃப்ட்வேர் வாங்கலாம்? பிறகு வேறொன்றுக்கு மாறினால் பழைய கணக்கு கூட வருமா?

வரும். ஆனால் எது வரும், எது வராது என்பதில்தான் சங்கதியே இருக்கிறது.

எங்களுக்குக் காசிமேடு பக்கம் கயிறு, பெயின்ட், நட்டு போல்ட் விற்கிற கடை. வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் விசைப்படகுக்காரர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகுக்குப் பெயின்ட் அடிப்பது, பலகை மாற்றுவது எல்லாம் அப்போதுதான் நடக்கும் என்பதால் எங்களுக்கும் அதுதான் சீசன், ஆனால் பாதிக்கு மேல் கடன். கடலுக்குப் போய் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தருவார்கள். "அண்ணா, கயிறு பில்ல மட்டும் இதுல கழிச்சிக்கோ, பெயின்ட்டு அடுத்த வாரம்ணா." ஆகவே ஆளுக்கு மொத்தம் எவ்வளவு என்று தெரிந்தால் போதாது, பில்லுக்குப் பில் பாக்கி தெரிய வேண்டும்.

மூன்று வருடம் ஒரு மொபைல் ஆப்பில் பில் போட்டோம், பெயர் வேண்டாம். பில் போட அருமையாகத்தான் இருந்தது. டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேருக்கு மாறலாம் என்று மார்ச் கடைசியில் டேட்டாவை வெளியே எடுத்தால், சரக்குப் பட்டியல் எக்செல்லில் ஒழுங்காக வந்தது, பார்ட்டி பட்டியலில் ஆளுக்கு ஒரே வரி: சேகர், 38,400. எந்தெந்த பில்? அது பிடிஎஃப்பாக மட்டும்தான் வருமாம். போதாக்குறைக்கு எங்களிடம் மூன்று சேகர். எந்தப் படகு என்று குறிப்புக் கட்டத்தில் எழுதி வைத்திருந்தோம், அந்தக் கட்டம் எக்ஸ்போர்ட்டில் இல்லவே இல்லை. நானும் என் மனைவியும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பிடிஎஃப்பைப் பார்த்து டைப் செய்தோம்.

அதனால் என்னைக் கேட்டால், ட்ரையல் காலத்திலேயே பத்து பில் போடுங்கள், அதில் இரண்டுக்குப் பாதிப் பணம் மட்டும் வரவு வையுங்கள், ஒன்றை ரிட்டர்ன் போடுங்கள், அப்புறம் எல்லாவற்றையும் எக்செல்லிலோ சிஎஸ்வியிலோ (கட்டங்களைக் கமா போட்டுப் பிரித்த சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்) எடுத்துப் பாருங்கள். பில் எண், தேதி, ஜிஎஸ்டிஐஎன் (ஜிஎஸ்டி பதிவு எண்), எச்எஸ்என் (சரக்கு வகைக்கான குறியீட்டு எண்), வரி, பாக்கி எல்லாம் தனித்தனிக் கட்டமாக வந்தால் சரி. பிடிஎஃப் மட்டும்தான் என்றால் வேண்டாம், அது பார்க்கத்தான் ஆகும், இன்னொரு சாஃப்ட்வேருக்குள் ஏற்ற ஆகாது.

சிஎஸ்வி வந்ததும் அதை டபுள் க்ளிக் செய்து திறக்காதீர்கள். எங்கள் பில் எண் மாதம்-வரிசை என்று போகும். 4-7 என்ற பில்லை எக்செல் தானாகவே 4 ஜூலை என்று தேதியாக்கிவிட்டது, தமிழில் இருந்த பெயர்களெல்லாம் கோழி கிளறினது மாதிரி ஆகிவிட்டன. காலி எக்செல்லைத் திறந்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாக உள்ளே கொண்டுவந்து, தமிழ் எழுத்து கெடாமல் இருக்க யுடிஎஃப்-8 என்ற எழுத்து முறையைத் தேர்ந்தெடுத்து, பில் எண் கட்டத்தை டெக்ஸ்ட் என்று வைத்தால் இரண்டும் சரியாகிவிடும். மீன் வியாபாரம் செய்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், 0302 என்ற எச்எஸ்என் 302 ஆகிவிடும்.

எதை வாங்குவது என்றால், முதலில் உங்கள் ஆடிட்டர் எதில் வேலை செய்கிறார் என்று கேளுங்கள். எங்கள் ஆடிட்டர் டேலி, அதனால் நாங்களும் டேலி. ஒரு டேலியிலிருந்து இன்னொரு டேலிக்கு எக்ஸ்எம்எல் ஃபைலாகக் கொண்டுபோகும்போது மாஸ்டர்களை (பார்ட்டி, சரக்குப் பட்டியல்கள்) முதலில் ஏற்றிவிட்டு அப்புறம்தான் வவுச்சர்கள் (பில், வரவு செலவுப் பதிவுகள்). கடையில் ஒருத்தர், வீட்டிலிருந்து ஒருத்தர் என்று பார்க்க வேண்டுமானால் ஸோஹோ புக்ஸ் மாதிரி ஆன்லைனில் ஓடுவது வசதி. ஆனால் அதில் சந்தாவை நிறுத்துவதற்கு முன்பே மொத்தத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும், ஆப் காரர் நமக்காக அத்தனை நாள் வைத்திருப்பார் என்று நம்ப முடியாது.

மாறுவதாக இருந்தால் ஏப்ரல் 1 நல்ல நாள். மார்ச் 31 அன்று இருக்கிற பில்லுக்குப் பில் பாக்கி, ஸ்டாக், ரொக்கம், பேங்க் மாதிரி இருப்புகளை ஓப்பனிங்காக ஏற்றினால் போதும், பணம் வந்து முடிந்த பழைய பில் அத்தனையையும் இழுத்துக்கொண்டு வர வேண்டியதில்லை.

பேக்கப் பென்டிரைவ் வீட்டில் இருக்கட்டும், கடையில் வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் கடைக்குள் முழங்கால் தண்ணீர், தரையில் இருந்த சிபியூ முழுகிப் போனது. பென்டிரைவ் அதன் பின்னாலேயே சொருகியிருந்தது.