பின்சக்கர ஸ்டீயரிங்கைப் பூட்டிவிடலாமா?

கேள்வி: என்னிடம் 1991ஆம் ஆண்டு நிசான் ஸ்கைலைன் ஜிடிஎஸ்-டி இருக்கிறது. ஜப்பானிலிருந்து இறக்கியது. 401 நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் பின்பக்கம் ஒரு கணம் தானாக நகர்வதுபோல் இருக்கிறது. நேர்ச்சாலையில் பெரிய டிரக் பக்கத்தில் போனாலும் வால் ஆடுகிறது. பின்சக்கரங்களையும் திருப்பும் ஹைகாஸ் என்ற நிசானின் ஏற்பாடு இதில் இருக்கிறது. "ஹைகாஸைக் கழற்றி எறிந்துவிட்டு லாக் பார் போடு", அதாவது பின்சக்கரம் திரும்பாதபடி பூட்டும் கம்பியைப் போடு என்கிறார்கள் நண்பர்கள். போடலாமா?
– ஸ்கார்பரோ வாசகர்

பதில்: போடலாம் தம்பி. உங்கள் காருக்கு அது நல்லதாகவே முடியும் என்று நினைக்கிறேன். ஆனால் பாருக்குக் காசு கட்டுவதற்கு முன் காரை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று இப்போதே முடிவு கட்டவேண்டாம்.

வளைவில் உணர்வதைச் சொல்கிறேன். அது ஹைகாஸ் தன் வேலையைச் செய்வதாகவே இருக்கலாம். 1985இல் வந்த ஆர்31 தலைமுறை ஸ்கைலைனில் நிசான் இதைத் தொடங்கியது. அதற்கு அடுத்த தலைமுறையான உங்கள் ஆர்32இல் இருப்பது 1989இல் வந்த சூப்பர் ஹைகாஸ். முன்னால் இருப்பதுபோல் பின்னாலும் ஒரு சின்ன ஸ்டீயரிங் ரேக், அதாவது சக்கரங்களை இடம் வலமாகத் தள்ளித் திருப்பும் தண்டு, எண்ணெய் அழுத்தத்தில் ஓடும். நீங்கள் திருப்பிய அந்த நொடியில் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் திரும்பும். கார் சட்டென்று மூக்கை வளைவுக்குள் விடுவதற்கு அந்த ஏற்பாடு. அடுத்த கணமே முன்சக்கரங்களின் பக்கமே திரும்பி, வாலை அடக்கிப் பிடிக்கும். மொத்தமே ஏறக்குறைய 1 டிகிரிக்குள் நடக்கிற காரியம். ஒரு டிகிரிதானே என்று விட்டுவிட முடியாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் பின்சக்கரம் அந்த அளவு திரும்பினால் இடுப்புக்கு உடனே தெரியும்.

இதில் எனக்கு இருக்கும் குறை ஒன்றுதான். ஆர்32இல் இருக்கும் கணினி காரின் வேகத்தைப் பார்க்கும், ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியது, எவ்வளவு வேகமாகத் திரும்பியது என்று பார்க்கும். கார் வழுக்குகிறதா என்று அதற்குத் தெரியாது. ஈரச்சாலையில் வால் வெளியே போகும்போது நீங்கள் எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங் பிடிப்பீர்கள். கணினிக்கு அதுவும் இன்னொரு திருப்பம்தான். நீங்கள் வாலைப் பிடிக்கப் போராடும் நேரத்தில் அது பின்சக்கரத்தையும் அசைத்து வைக்கும். டிராக்கில் ஓட்டுகிறவர்களும் டிரிஃப்ட் செய்கிறவர்களும் இதை முதல் வேலையாகக் கழற்றுவது இதனால்தான். கையால் கொடுத்ததற்கு மட்டும் கார் பதில் சொல்லவேண்டும் என்று அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அது நியாயமான எதிர்பார்ப்பு.

டிரக் பக்கத்தில் வால் ஆடுவது வேறு கதை. அங்கே நீங்கள் ஸ்டீயரிங்கைப் பெரிதாகத் திருப்புவதே இல்லை. எனக்கு அதில் தேய்மானம்தான் தெரிகிறது. பின் ரேக்கின் இரண்டு முனையிலும் பால் ஜாயிண்ட், அதாவது குமிழ்போல் சுழலும் மூட்டு இருக்கிறது. 30 வருடத்துக்கு மேலான கார், அதோடு ஒண்டாரியோவின் உப்புத் தண்ணீர். ரப்பர் உறை கிழிந்திருந்தால் உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் துருதான் இருக்கும்.

பார்க்கும் விதம் இதுதான். எஞ்சினை நிறுத்தி, காரைத் தூக்கி, பின்சக்கரத்தைக் கடிகாரத்தில் 3, 9 மணி இருக்கும் இடங்களில் இரண்டு கையாலும் பிடித்து மாறி மாறித் தள்ளுங்கள். இன்னொருவர் கீழே நின்று பால் ஜாயிண்டின் மேல் விரலை வைத்திருக்கட்டும். ஆட்டம் இருந்தால் 'டக் டக்' என்று விரல்நுனியில் இடிக்கும். காதுக்குக் கேட்பதற்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். பிறகு 12, 6 மணியில் பிடித்து ஆட்டுங்கள். அதிலும் ஆடினால் பேரிங் பக்கம் போங்கள். சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களையும் கம்பியால் நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அவை தளர்ந்து கிடந்தால் எந்த பாரைப் போட்டாலும் வால் ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

அப்புறம் அந்த லாக் பார். சந்தையில் ஒரு வகை, ரேக்குக்குள் வளையம் போட்டு அசையாமல் நிறுத்துவது. மலிவு, வேலையும் குறைவு. ஆனால் பழைய பால் ஜாயிண்ட் அங்கேயே இருக்கும். உங்கள் காரில் ஆட்டமே அங்கேதான் என்றால் இதனால் பயனில்லை. ரேக்கையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் கெட்டியான பாரும் புது ஜாயிண்டுகளும் போடும் வகையை வாங்குங்கள். எடையும் கொஞ்சம் குறையும்.

நண்பர்கள் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கும். ஆர்32இல் முன் ஸ்டீயரிங்குக்கும் பின் ரேக்குக்கும் ஒரே பம்புதான் இரண்டு பகுதியாக எண்ணெய் தள்ளுகிறது. பின் ரேக்கை எடுத்தால் அந்தப் பகுதியின் குழாய்களைச் சும்மா அடைத்து வைக்கக்கூடாது. எண்ணெய் சுற்றிவரும்படி ஒன்றோடொன்று இணைக்கவேண்டும், இல்லாவிட்டால் பம்ப் போய்விடும். கணினியின் பிளக்கையும் கண்டபடி பிடுங்கவேண்டாம். பவர் ஸ்டீயரிங்கின் இறுக்கத்தையும் அதுதான் பார்க்கிறது, பிடுங்கினால் பார்க்கிங்கில் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும். டேஷ்போர்டில் ஹைகாஸ் விளக்கு எரிந்தால் பல்பைக் கழற்றி மறைக்காமல், இதற்கென்றே விற்கும் சிறிய மாட்யூலை, அதாவது மின்சுற்றுப் பெட்டியைப் போடுங்கள்.

பார் போட்ட அன்றே வீல் அலைன்மென்ட், நான்கு சக்கரத்துக்கும். பின் டோவை, அதாவது பின்சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கியா வெளிநோக்கியா என்ற சாய்வை, இனி அந்த பாரின் நீளம்தான் தீர்மானிக்கிறது. இருபக்கமும் சமமாக, கொஞ்சம் உள்நோக்கி வைக்கச் சொல்லுங்கள். வெளிநோக்கி இருந்தால் இப்போது இருப்பதைவிட மோசமாக ஆடும். காப்புறுதிக்காரருக்கும் தெரிவித்துவிடுங்கள். பிறகு அதிவேகத்தில் பாதை மாறும்போது முன்பு இருந்த அமைதி கொஞ்சம் குறைந்ததாகத் தோன்றும். ஹைகாஸ் நன்றாகச் செய்த வேலை அதுதான், அதை விட்டுக்கொடுக்கிறீர்கள். சில நாள் மெதுவாக ஓட்டிக் கையைப் பழக்குங்கள்.

கேள்வி: பின்சக்கர ஸ்டீயரிங்கைப் பழைய காரில் கழற்றுகிறார்கள். புதிய போர்ஷேயிலும் பென்ஸிலும் அதையே பெருமையாகப் போடுகிறார்களே, ஏன்?
– சென்னை வாசகர்

பதில்: யோசனை பழையதுதான், அதை நடத்தும் மூளை மாறிவிட்டது. 2013இல் வந்த போர்ஷே 911 ஜிடி3இல் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனி மின்மோட்டார் உண்டு. ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்குக் கீழே எதிர்ப்பக்கமும் 80க்கு மேலே அதே பக்கமும் திருப்பும். கார் எவ்வளவு சுழல்கிறது, எந்தச் சக்கரம் வழுக்குகிறது என்பதெல்லாம் கணினிக்கு அந்தந்தக் கணமே தெரியும். பென்ஸ் எஸ்-கிளாஸில் 10 டிகிரி வரை திரும்பும் ஏற்பாடும் உண்டு. அவ்வளவு நீளமான கார் நம் குறுகலான பார்க்கிங்கில் வளைந்து வருவது அதனால்தான். இவற்றில் யாரும் கைவைக்காதீர்கள். முன் ஸ்டீயரிங், கார் வழுக்காமல் பிடிக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எல்லாமே பின்சக்கரம் திரும்பும் என்ற கணக்கில் அமைந்தவை. ஒன்றை மட்டும் நிறுத்தினால் மற்றவை தடுமாறும்.

கேள்வி: அப்பாவின் 1988 ஹோண்டா பிரெலூடில் நான்கு சக்கர ஸ்டீயரிங் இருக்கிறது. அதையும் பூட்டவேண்டுமா?
– மார்க்கம் வாசகர்

பதில்: வேண்டாம். தயவுசெய்து அப்படியே வைத்திருங்கள். அதில் கணினியே கிடையாது. முன் ரேக்கிலிருந்து நீளமான ஒரு தண்டு பின்னால் இருக்கும் கியர் பெட்டிக்குப் போகிறது. ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் பின்சக்கரம் அதே பக்கம், நிறையத் திருப்பினால் எதிர்ப்பக்கம். வழுக்கினாலும் வழுக்காவிட்டாலும் இத்தனை திருப்பத்துக்கு இவ்வளவு என்று எப்போதும் ஒரே பதில், அதனால் கை அதற்குப் பழகிவிடுகிறது. இவ்வளவு அழகான பொறியியல் வேலையைக் கழற்றிப் போட எனக்கு மனசு வராது. பின் பெட்டியின் ரப்பர் உறைகளை மட்டும் குளிர்காலத்துக்கு முன் பாருங்கள். அலைன்மென்ட் செய்யும்போது ஸ்டீயரிங்கை நேர் நடுவில் பூட்டிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். அது கொஞ்சம் விலகியிருந்தாலும் பின்சக்கரங்களும் விலகியே இருக்கும், அளவு எல்லாம் தப்பாகிவிடும்.