தோளில் விழுந்த கோடுகள், தொடையிடுக்கில் விழுந்த கோடுகள்

கேள்வி: எனக்கு வயது 19. எட்டு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன், 9 கிலோ ஏறியிருக்கிறேன். மார்பும் கையும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் செவ்வூதா நிறக் கோடுகள் விழுந்துவிட்டன. தொடையிடுக்கிலும் இருக்கின்றன, அங்கே படைக்காக நான்கு மாதமாக ஒரு கிரீம் தடவுகிறேன். ஆலிவ் எண்ணெய் தடவினால் கோடுகள் போகுமா? ஜிம்மை நிறுத்திவிடட்டுமா?

பதில்: ஜிம்மை நிறுத்த வேண்டாம் தம்பி. கிரீமை நிறுத்துங்கள்.

முதலில் தோள். மேல்தோலுக்கு அடியில் இருக்கும் அடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் என்ற இழைகள்தான் தோலுக்கு இழுவைத் தன்மை தருகின்றன. தசை பருக்கும் வேகத்துக்கு அவை ஈடுகொடுக்க முடியாத இடத்தில் அறுந்துபோகின்றன. விரலால் தடவினால் கோடு லேசாகக் குழிந்திருப்பது தெரியும். வளரும் வயதில் வெயிட் தூக்காதவர்களுக்கும் முதுகிலும் தொடையிலும் இது வருவதுண்டு. உடம்புக்குக் கெடுதல் இல்லை. இப்போதுள்ள செவ்வூதா நிறம் மாதக்கணக்கில் மங்கி வெளிறும். கோடு முழுதாக மறையாது. எடை ஏற்றும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் புதிதாக விழுவது குறையலாம்.

தொடையிடுக்கு விஷயம் வேறு. கிரீமின் பெயரை நீங்கள் எழுதவில்லை. குழாயை எடுத்து அதில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த கிரீம். தடவியதும் அரிப்பு அடங்கும், அதனால் குணமாகிறது என்று தோன்றும். ஆனால் படைக்குக் காரணமான பூஞ்சை உள்ளுக்குள் பரவிக்கொண்டிருக்கும். தொடையிடுக்கு, அக்குள் போன்ற மடிப்புகளில் தோல் மெல்லியது, மருந்து அதிகமாக உறிஞ்சப்படும். மாதக்கணக்கில் தடவினால் தோல் நைந்து கோடு விழும். என்னிடம் இப்படி வருகிற பையன்கள் குறைவில்லை. நிறுத்திய சில நாளில் அரிப்பு கூடலாம். பயந்து மறுபடி அதே குழாயைத் தொடாதீர்கள். தோல் மருத்துவரிடம் காட்டி, ஸ்டீராய்டு இல்லாத பூஞ்சை மருந்து வாங்குங்கள்.

எண்ணெய் தோலை மினுமினுப்பாக்கும், அறுந்த இழையை ஒட்டவைக்காது. கோகோ வெண்ணெய்க்கும் இதே கதைதான். கோடு சிவப்பாக இருக்கும்போதே ட்ரெட்டினாயின் என்ற வைட்டமின் ஏ வகைக் கிரீம் போட்டால் சிலருக்கு ஓரளவு பலன் கிடைக்கிறது, எரிச்சலும் கொடுக்கும்; மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும், அதுவும் தோளுக்கு மட்டும். லேசர் கோட்டை மங்கவைக்கும், அழிக்காது. மாநிற, கறுப்புத் தோலில் அதுவே கருமையை விட்டுப் போகலாம் என்பதால், அனுபவமுள்ள கையாகப் பார்த்துப் போக வேண்டும்.

இன்னொன்று, மறைக்காமல் யோசியுங்கள்: சீக்கிரம் உடம்பு ஏற ஜிம்மில் யாராவது ஊசியோ மாத்திரையோ கொடுத்தார்களா? அது அனபாலிக் ஸ்டீராய்டாக (தசை வளர்க்கும் ஹார்மோன் வகை மருந்து; கிரீமில் உள்ள ஸ்டீராய்டு வேறு) இருந்தால் தசை திடீரென்று பருக்கும், கோடுகளும் கூடும். கோடுகளைவிட உங்கள் இதயத்தையும் கல்லீரலையும் நினைத்துத்தான் கேட்கிறேன். வாங்கியிருந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லிவிடுங்கள், திட்டமாட்டார்.

வயிற்றில் விரல் அகலத்துக்கு ஊதாப் பட்டைகள், முகம் உருண்டு போவது, தொட்டால் கன்றிப்போவது, குந்தி எழ முடியாத பலவீனம் இவை சேர்ந்து வந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் கார்டிசால் (உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன்) பரிசோதனை செய்ய வேண்டும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தக் கிரீம் குழாயையும் கையோடு கொண்டுபோங்கள்.