நடுவழியை மைமோனிடிஸ் யாரிடமிருந்து பெற்றார்?

கேள்வி: தத்துவம் முதுகலை படிக்கிறேன். 'குணம் எதிலும் இரு கோடிக்கும் போகாதே என்ற மைமோனிடிஸின் நடுவழிக் கொள்கை அரிஸ்டாட்டிலைப் பார்த்து எழுதியது' என்று கட்டுரையில் எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார். என்ன தவறு?

பதில்: கிரேக்க அரிஸ்டாட்டிலுக்கும் யூத அறிஞர் மைமோனிடிஸுக்கும் நடுவில் இருந்த அரபுத் தத்துவத்தை விட்டுவிட்டீர்கள். உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கிரேக்கம் ஒரு தாள், யூதம் ஒரு தாள் என்று பாடத்திட்டம் பிரித்தால் பாலம் எப்படித் தெரியும்?

இந்தக் கொள்கையைச் சொல்லும் மைமோனிடிஸின் 'எட்டு அத்தியாயங்கள்' யூத-அரபியில், அதாவது எபிரேய எழுத்தில் அமைந்த அரபியில், எழுதப்பட்டது. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவுக்கு அவர் எழுதி 1168 வாக்கில் முடித்த உரையின் ஒரு பகுதி. பிறரிடமிருந்து எடுத்ததாக முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார், பெயர்களை மட்டும் சொல்வதில்லை. பெயரைக் கண்டு வாசகர் முகம் சுளிப்பார் என்ற எச்சரிக்கை. அதில் பல பத்திகள், அரபியில் எழுதிய தத்துவ அறிஞர், 950-இல் இறந்த அல்-ஃபாராபியுடையவை. எனவே 'அல்-ஃபாராபி வழியாக வந்த அரிஸ்டாட்டில்' என்று எழுதுங்கள்.

காசு வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதித் தருபவர்களிடம் போகாதீர்கள். இரண்டு பக்கமும் கோடு போட்டு, 'கஞ்சத்தனம், ஊதாரித்தனம், நடுவில் ஈகை' என்று அட்டவணை தருவார்கள். எல்லாம் பொருந்துவதுபோல் இருக்கும். பொருந்தாத இடம்தான் உங்களுக்கு வேண்டியது.

அது கோபம். அரிஸ்டாட்டிலுக்குக் கோபத்திலும் நடு உண்டு: கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படாதவனை அவர் மூடன் என்பார். மைமோனிடிஸின் 'மிஷ்னே தோரா' என்ற யூதச் சட்ட நூலில் குணங்கள் பற்றிய சட்டங்களைத் திறந்து, முதல் அத்தியாயம் 4-ஆம் பத்தியைப் பாருங்கள். எளிதில் சினப்படாதே, உணர்வற்ற பிணம்போலவும் இராதே, பெரிய விஷயத்துக்கு மட்டும் கோபப்படு என்கிறார். அதாவது, நடுவழி. அடுத்த அத்தியாயம் 3-ஆம் பத்தியில் நிலை மாறுகிறது: கோபத்தையும் கர்வத்தையும் நடுவில்கூட வைக்காதே, மறுகோடிக்கே போ. வீட்டாருக்கு அச்சம் ஊட்ட வேண்டுமானால் முகத்தில் மட்டும் கோபம் காட்டு, மனம் அமைதியாக இருக்கட்டும். கிரேக்க அளவுகோலை எடுத்தவர், யூத மத குருக்களான ரபிகளின் மரபு வேறு சொன்ன இந்த இடத்தில் அதைக் கீழே வைத்துவிட்டார்.

இந்த இரண்டு பத்திகளையும் பக்கம் பக்கமாக வைத்து, அருகில் அரிஸ்டாட்டிலின் 'நிக்கோமேக்கியன் எதிக்ஸ்' நான்காம் நூலில் கோபம் பற்றிய பகுதியைச் சேருங்கள். முரண்பாட்டைச் சமாதானப்படுத்த முயல வேண்டாம், அப்படியே எழுதுங்கள். கட்டுரைக்கு அதுவே போதும்.