சைபீரியக் கனவுக்கு வீட்டுப் பத்திரத்தை வைக்காதீர்கள்

திண்டுக்கல்லிலிருந்து எழுதிய பெற்றோருக்கு,

ப்ளஸ் டூ முடித்த மகளை மேற்கு சைபீரியாவில் பெட்ரோலியம் இன்ஜினீயரிங் சேர்த்துவிடச் சொல்கிறார் பெரியப்பா. ஏஜென்ட் கேட்கும் பணத்துக்கு வீட்டை அடகு வைக்க வேண்டும். மகளோ பாறையும் வரைபடமும்தான் பிடிக்கும் என்கிறாள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த எண்ணெய்ப் படுகை அது. அதன் பெயரே பெரியப்பாவை மயக்குகிறது. அங்கே களத்தில் ரஷ்ய மொழி இல்லாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது. 2022-இல் ஷெல், எக்குவினோர் ஆகிய மேற்கத்திய எண்ணெய் நிறுவனங்கள் ரஷ்யாவை விட்டு வெளியேறின. வெளிநாட்டுப் பட்டதாரிக்கு வேலை காத்திருக்கிறது என்று எழுதித் தர எந்த ஏஜென்டாலும் முடியாது. 1965-இல் அங்கே கண்டுபிடித்த சமோட்லர் எண்ணெய் வயலில் இன்று மேலே வரும் திரவத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். மிச்ச எண்ணெய் எந்த மணற்பாறையில் தங்கியிருக்கிறது என்று பாறையைப் படித்துச் சொல்பவர்தான் அங்கே தேவை. உங்கள் மகள் கேட்கும் படிப்பும் அதுதான்: புவியமைப்பியல், ஜியாலஜி.

அந்த வேலையைச் சொல்கிறேன். துளையிடும்போது கிணற்றுக்குள் செலுத்தும் சேற்றோடு மேலே வரும் பாறைத் துகள்களைக் கழுவி, சலித்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். புற ஊதா விளக்கில் எண்ணெய் ஒளிரும். எண்ணெய் கலந்த சேறு பயன்படுத்தினால் அதுவும் ஒளிர்ந்து ஏமாற்றும். 3,000 மீட்டர் ஆழத்திலிருந்து துகள் மேலே வர ஒரு மணி நேரத்துக்கும் மேலாகலாம். மணிக்கு 20 மீட்டர் துளையிடும் கிணற்றில் இந்தக் கணக்கு அரை மணி நேரம் தவறினால் ஆழம் 10 மீட்டர் பிசகும். படுகையின் பெரும்பகுதி எண்ணெய்க்குத் தாய்ப்பாறையான, அதாவது எண்ணெய் உருவான பாறையான, பஷெனோவ் அடுக்கின் தடிமனே பல இடங்களில் 20 முதல் 40 மீட்டர்தான்! அதன் கரிமப் பொருளில் யுரேனியம் சேர்ந்திருப்பதால் காமா லாகில், அதாவது ஆழவாரியாகப் பாறையின் கதிரியக்கத்தைக் காட்டும் பதிவில், கோடு சட்டென்று எகிறும். அதை வைத்து ஆழத்தைச் சரிபார்ப்பார்கள்.

பாறை கைவிட்டால் பணமும் கைவிடும். நம் பொதுத்துறை எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யின் வெளிநாட்டுப் பிரிவு ஓ.என்.ஜி.சி. விதேஷ் 2009-இல் சுமார் 210 கோடி டாலர் கொடுத்து, மேற்கு சைபீரியாவின் தோம்ஸ்க் பகுதியில் எண்ணெய் வயல்கள் வைத்திருந்த இம்பீரியல் எனர்ஜியை வாங்கியது. எண்ணெய் எளிதில் ஊடுருவாத இறுகிய பாறை. உற்பத்தி எதிர்பார்த்ததை எட்டவில்லை.

வழி இதுதான். சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி ஆகியவற்றில் ஜியாலஜித் துறை உண்டு. பி.எஸ்சி. முடித்து, ஜாம் தேர்வின் ஜியாலஜி தாள் வழியாக ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி.; ப்ளஸ் டூவில் கணிதம் கேட்கும் ஐ.ஐ.டி. உண்டு, விதியை இப்போதே பாருங்கள். பிறகு வேலைக்காக கேட் தேர்வில் ஜியாலஜி–ஜியோபிசிக்ஸ் தாள். பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் தேர்வு முறை மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே அந்தந்த ஆண்டு அறிவிப்பை மட்டும் நம்புங்கள். முதுகலையில் 60 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது. ரஷ்ய மொழி ஆசை இருந்தால் மாலை வகுப்பில் கற்கட்டும், அதற்கு அடகு தேவையில்லை.

சேர்வதற்கு முன் மகளோடு போய் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பாறைச் சீவல் பார்க்கும் நுண்ணோக்கி எத்தனை, ஆண்டுக்கு எத்தனை நாள் களப்பயணம் என்று அவளே கேட்கட்டும். நுண்ணோக்கி பூட்டிக் கிடந்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.